குடியேறியோரும் மொழிக்கலப்பும்

இரண்டு மொழிகளை அறிந்த ஒருவர் அவற்றை இரு பெட்டகங்களில் வைத்துப் பூட்டி, வேண்டியபொழுது ஒன்றைத் திறந்தும் மற்றொன்றை அடைத்தும் வழங்குவார் என்று எண்ணுதல் எளிது. உலகியலிற் காணப்படுவது அவ்வாறன்று. ஒரு மொழியிலே தொடங்கிய பேச்சு மற்றொரு மொழியிலே முடிவதும், ஒரு வாக்கியத்தினுள்ளேயே இரு மொழிச் சொற்களும் விரவி வருவதும் இருமொழியாளர் வாழும் இடமெங்கும் நிகழ்வன. பேசுவோர் ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குத் தாவுதலை மொழிமாற்றம் எனவும், அத்தாவல் ஒரே வாக்கியத்தினுள் நிகழுமாயின் அதனை மொழிக்கலப்பு எனவும் கூறலாம். நெடுங்கால வழக்கினாற் பிறமொழிச் சொல்லொன்று ஒரு மொழிக்கே உரியதாகிவிடின் அது கடன்சொல்லாகும். 'கதிரை', 'அலுமாரி' என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்தும், 'கந்தோர்' ஒல்லாந்த மொழியிலிருந்தும், 'பதில்', 'வசூல்', 'பாக்கி' என்பன அரபு மூலத்திலிருந்தும் வந்தவை. இவற்றை வழங்கும்பொழுது பிறமொழி பேசுகின்றோம் என்ற நினைவு எவருக்கும் எழுவதில்லை.

கலப்பு நிகழ்கின்றது என்பது ஒரு செய்தி. கலந்து பேசுவோரும் அதனைக் கேட்போரும் அதுபற்றி யாது நினைக்கின்றனர் என்பது மற்றொரு செய்தி. இக்கட்டுரை இரண்டாவதனையே ஆராயப் புகுகின்றது. தாயகத்தை விட்டு வேற்றிடத்திற் குடியேறியோரிடத்தும் அவர் வழிவந்தோரிடத்தும் இந்நினைப்பு மிகக் கூர்மையாக அமைகின்றது. அவர்களுக்கு மொழி கருத்தைப் புலப்படுத்தும் கருவி மட்டுமன்று. தாம் யாவர் என்பதற்குச் சான்றுமாகும். அச்சான்றிற் பிறமொழி கலக்கும்பொழுது தமது அடையாளமே கரைகின்றதோ என்ற ஐயம் மூத்தோர்க்கு எழுகின்றது. இளையோர்க்கோ அக்கலப்பே தமக்குரிய மொழியாகத் தோன்றுகின்றது.

ஆங்கிலத்தையும் அரபையும் ஒருங்கே வழங்கும் குடியேறியோர் நிலை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அக்காலத்தில் துருக்கியப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து பலர் அமெரிக்காவிற் குடியேறினர். 1898ஆம் ஆண்டில் அவர்களுக்கென 'அல்ஹுதா' என்னும் அரபுப் பத்திரிகை அங்குத் தோன்றியது. இம்மக்களின் மொழி நிலை சிக்கலானது. திருக்குர்ஆனின் வழிவந்த செவ்வரபு ஒருபுறமும், நாட்டுக்கு நாடு வேறுபடும் பேச்சரபு மற்றொருபுறமும் நிற்கின்றன. 1959ஆம் ஆண்டில் சார்ள்ஸ் பேர்கியூசன் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் ஒரு மொழியின் உயர்வழக்கும் தாழ்வழக்கும் தனித்தனிப் பணிகளை ஏற்று நிற்கும் நிலையை விளக்கியபொழுது, அரபையே முதன்மையான சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டார். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று.

உயர்வழக்கைப் போற்றும் சமூகத்தில் நாள்தோறும் பேசும் மொழியே சற்றுக் குறைபாடுடையதாகக் கருதப்படுவதுண்டு. அதனுடன் ஆங்கிலமும் கலக்குமாயின் குறையின்மேற் குறையாகத் தோன்றுதல் இயல்பே. அரபிலுள்ள 'அல்' என்னும் சுட்டிடைச்சொல்லை ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் முன்னே ஒட்டிப் பேசும் வழக்கம் இத்தகைய குடியேறியோரிடையே காணப்படுகின்றது. இதனை வேற்றார் கேட்பின் நகைப்பர்; மூத்தோர் கேட்பின் வருந்துவர். ஆயினும் தம் வீட்டார் நடுவே அவ்வாறு பேசுவோர்க்கு அதிற் செயற்கை யாதும் புலப்படுவதில்லை. இவ்விரு மொழிகளையும் தனித்தனியே செம்மையுற ஆண்டவரும் அச்சமூகத்தில் இருந்தனர். 1883ஆம் ஆண்டில் லெபனானிற் பிறந்து 1895ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற கலீல் ஜிப்ரான் அரபில் எழுதத் தொடங்கி, 1923ஆம் ஆண்டில் 'தீர்க்கதரிசி' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். குடியேறிய ஒரு சமூகம் இரு மொழியையும் கலந்து பேசவும் வல்லது, பிரித்து ஆளவும் வல்லது என்பதற்கு இவை சான்றாகும்.

அரபும் ஆங்கிலமும் சந்தித்த இடம் நமக்குத் தொலைவிலும் இல்லை. எகிப்தில் 1882ஆம் ஆண்டில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோல்வியுற்ற அஹ்மத் ஒராபி பாஷாவும் அவருடைய தோழர் அறுவரும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, 1883ஆம் ஆண்டு தைமாதத்திற் கொழும்பில் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவர் அரபுக் கவிதையின் மறுமலர்ச்சிக்கு வழிவகுத்த மஹ்மூத் சாமி அல்பாரூதி. ஒராபி பாஷா 1892ஆம் ஆண்டு முதற் கண்டியில் வாழ்ந்து 1901ஆம் ஆண்டிலே தாயகம் திரும்பினார். ஹல்லொலுவ வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் பிற்காலத்தில் அவர் பெயரால் ஒரு பண்பாட்டு நிலையமாக்கப்பட்டது. தம்மை வென்றவர்களின் மொழியாகிய ஆங்கிலத்தை அவர்கள் இலங்கையிலிருந்த காலத்திற் கற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. ஆங்கிலம் கற்றமையால் அவர்தம் அரபு குறைந்துவிடவில்லை. பாரூதி நாடுகடந்த துயரை அரபுக் கவிதைகளாகவே வடித்தார்.

அக்காலத்திற் கண்டியிலே பிறந்து வளர்ந்த மு. கா. சித்திலெப்பை (1838–1898) தமிழ், அரபு, ஆங்கிலம் ஆகிய மொழிகளை அறிந்தவர். முஸ்லிம் மக்கள் ஆங்கிலக் கல்வியைப் பெறல் வேண்டும் என்று வற்புறுத்திய அவர், 1882ஆம் ஆண்டில் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல் எனப் போற்றப்படுகின்றது. இவ்விரு பெயர்களையும் சற்று ஊன்றி நோக்குக. 'முஸ்லிம்' அரபு, 'நேசன்' வடமொழி வழிவந்தது. 'அசன்' அரபு, 'பே' துருக்கியப் பட்டம், 'சரித்திரம்' வடசொல். இப்பெயர்கள் தமிழல்ல என்று கூறுவார் யாருமிலர். அவற்றைத் தமிழாக்கியது அவற்றுள் அடங்கிய சொற்களின் பிறப்பன்று. அவற்றைத் தாங்கிய வாக்கியங்களும் அவற்றைப் படித்த மக்களுமேயாம்.

இனி, கலப்புப் பேச்சு ஒழுங்கற்றது என்ற கருத்தை ஆராய்வோம். 'அவன் ஒபிசுக்குப் போய் லெட்டரை டைப் பண்ணிப் போஸ்ட் பண்ணினான்' என்று ஒருவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். ஆங்கிலச் சொற்கள் நான்கு வந்துள்ளன. ஆயினும் நான்காம் வேற்றுமையுருபாகிய 'கு'வும், இரண்டாம் வேற்றுமையுருபாகிய 'ஐ'யும், வினையெச்சமும், வினைமுற்றும் தமிழேயாம். எழுவாய் முன்னும் பயனிலை பின்னுமாக வாக்கியமும் தமிழ் நெறியிலேயே நிற்கின்றது. ஆங்கில வினைச்சொல்லை நேரே எடுத்துத் தமிழ் விகுதி சேர்ப்பார் இலர். 'பண்ணு' என்னும் துணைவினையை இடையே நிறுத்தியே சேர்க்கின்றனர். முஸ்லிம் மக்கள் இறப்பைக் குறிக்கும் 'மௌத்து' என்னும் அரபுச் சொல்லுடன் தமிழ் வினையைச் சேர்த்து 'மௌத்தாகிவிட்டார்' என்பர். நம்மவர் 'சிவபதமடைந்தார்' என்று வடசொல்லுடன் தமிழ் வினையைச் சேர்ப்பதும் இதுவே. வந்த சொற்கள் விருந்தினர். வீடும் அதன் ஒழுங்கும் தமிழுக்குரியவை. கரொல் மையர்ஸ் ஸ்கொட்டன் என்னும் அறிஞர் ஆபிரிக்க நகரங்களின் பேச்சை ஆராய்ந்து, கலப்பில் ஒரு மொழி சட்டகமாக நிற்க மற்றது அதனுட் பொருந்தும் என்று 1993ஆம் ஆண்டில் விளக்கியது இவ்வுண்மையையேயாம்.

அறிஞர் மனப்பான்மையே இவ்விடயத்தில் மாறியுள்ளது. யூரியேல் வைன்ரைக் என்பார் 1953ஆம் ஆண்டில் மொழித் தொடர்பு பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில், சிறந்த இருமொழியாளர் சூழ்நிலை மாறும்பொழுது மொழியை மாற்றுவாரேயன்றி ஒரே வாக்கியத்தினுள் மாற்றமாட்டார் என்ற கருத்தைத் தெரிவித்தார். அக்காலத்திற் பலரும் அதனை ஏற்றனர். பின்னர் ஷானா பொப்லக் என்பார் நியூயோர்க் நகரிற் குடியேறி வாழ்ந்த புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 20 பேரின் பேச்சில் நிகழ்ந்த 1,835 மொழிமாற்றங்களைத் திரட்டி ஆராய்ந்து, 1980ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டார். ஸ்பானியம், ஆங்கிலம் ஆகிய இரண்டினதும் இலக்கணத்தை மீறிய மாற்றங்கள் அவற்றுள் மிக அரியனவாகவே இருந்தன. அதனினும் வியப்புக்குரியது, வாக்கியத்தினுள்ளே மொழி மாற்றியவருட் பெரும்பாலோர் இரு மொழியையும் நன்கறிந்தவராயிருந்தமையாம். ஒரு மொழியை அரைகுறையாக அறிந்தவர் வாக்கியத்தின் ஓரங்களிலேயே சிறு தொடர்களைச் சேர்த்தனர். ஆற்றின் நடுவே நீந்த வல்லவனே இரு கரையையும் தொடுவான். நீந்த அறியாதவன் கரையோரத்திலேயே காலை நனைப்பான்.

ஆயின் இவ்வளவு ஒழுங்குடைய செயலை மக்கள் ஏன் இழிவாக நினைக்கின்றனர்? தமிழர் மரபில் இதற்கு நெடிய வரலாறுண்டு. தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை நான்காக வகுத்தபொழுது திசைச்சொல்லையும் வடசொல்லையும் விலக்கவில்லை, இடங்கொடுத்தார். வடசொல் தமிழெழுத்தின் இயல்புக்கு இசைதல் வேண்டும் என்ற வரம்பையே விதித்தார். இடைக்காலத்து வைணவ உரையாசிரியர்கள் தமிழையும் வடமொழியையும் மணியும் பவளமும் போற் கோத்து மணிப்பிரவாள நடையை வளர்த்தனர். 1916ஆம் ஆண்டளவில் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபொழுது அம்மணிமாலை அறுந்தது. தனித்தமிழ் இயக்கத்தின் பயனை எளிதாக மதித்தல் தகாது. 'பல்கலைக்கழகம்', 'வேட்பாளர்' போன்ற சொற்களை இன்று தயக்கமின்றி வழங்குகின்றோம் எனின், தமிழால் முடியும் என்ற துணிவை அவ்வியக்கமும் அதன் வழிவந்தோரும் ஊட்டினர் என்பதே காரணம். எழுத்துக்கும் மேடைக்கும் ஏற்றதாகிய அவ்வளவுகோலை அடுக்களையிலும் கடைத்தெருவிலும் நிகழும் பேச்சுக்கும் கொண்டுசென்றபொழுதே இடர் தோன்றியது.

இவ்வளவுகோல் எல்லாக் கலப்புக்கும் ஒரேமாதிரி வைக்கப்படுகின்றதா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. இதற்குக் கட்டுகஸ்தோட்டையைப் போன்ற ஊர் நல்லதோர் ஆய்வுக்களம். மகாவலி கங்கையின் பாலத்தைக் கடந்ததும் மாத்தளைக்கும் குருநாகலுக்கும் செல்லும் வீதிகள் பிரிகின்ற இவ்வூர்க் கடைவீதியில் ஒரு காலைப்பொழுதிற் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கேட்கும். இவற்றுடன் முஸ்லிம் மக்களின் பேச்சிலே அரபுச் சொற்களும் விரவி வரும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்ட மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 74 பேர் சிங்களவர். 14 பேர் முஸ்லிம்கள். 11 பேர் இலங்கைத் தமிழரும் இந்திய வழித் தமிழரும் ஆவர். இத்தகைய இடத்திற் கலவாது பேசுதலே அரிது.

இங்கு நிகழும் கலப்புகளை நான்காக வகுத்து, அவற்றை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என நோக்குவோம். முதலாவது, தமிழுடன் ஆங்கிலம் கலத்தல். மேடையில் அதனைக் கடிவோர் உளர். எனினும் உள்ளூர அது படிப்பின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. ஆங்கிலம் கலந்து பேசும் பிள்ளையைப் பெற்றோர் விருந்தினர் முன் அழைத்துப் பேசச் செய்வர். இரண்டாவது, தமிழுடன் சிங்களம் கலத்தல். 'ஹரி, நாளைக்கு வாறேன்' என்று ஒரு சிறுவன் கூறினால் – இங்கே 'ஹரி' திருமாலின் திருநாமமன்று, 'சரி' என்று பொருள்படும் சிங்களச் சொல் – அவனுடைய தமிழ் கெட்டுவிட்டது என்பர். மூன்றாவது, முஸ்லிம் மக்கள் பேச்சிலே சமயம் சார்ந்த அரபுச் சொற்கள் கலத்தல். அது பக்தியின் அடையாளமாக மதிக்கப்படுகின்றது. நான்காவது, 1970களின் நடுப்பகுதி முதல் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்று மீண்டோரின் அரபு. பிறர் வீட்டுச் சமையலறையிலே பல்லாண்டுகள் உழைத்துத் திரும்பிய பெண்ணொருத்தி, வேலை முடிந்ததென்பதற்குக் 'கலாஸ்' என்றும், விரைவுபடுத்துதற்கு 'யல்லா' என்றும் சொன்னால் வீட்டார் சிரிக்கின்றனர். இலண்டனிலிருந்து வந்தவர் ஆங்கிலம் கலந்து பேசினால் அவ்வாறு சிரிப்பவர் இலர்.

மூன்றாவதிலும் நான்காவதிலும் கலந்த மொழி ஒன்றே, இரண்டும் அரபு. ஒன்றுக்கு வணக்கம், மற்றொன்றுக்கு நகைப்பு. முதலாவதிலும் இரண்டாவதிலும் கலக்கும் முறை ஒன்றே. ஒன்றுக்குப் பெருமை, மற்றொன்றுக்குக் கண்டனம். இதனாற் பெறப்படுவது யாது? மொழிக்கலப்பைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்பு உண்மையில் மொழியைப் பற்றியதன்று. பேசுகின்றவர் யார், அம்மொழி எந்த வாயிலாக வந்தது, அதன் பின்னே செல்வமும் பதவியும் நிற்கின்றனவா அன்றிக் கூலியும் அச்சமும் நிற்கின்றனவா என்பவற்றைப் பற்றியதாகும்.

இத்தகைய மறைந்த மனப்பான்மையை அளந்தறிய ஒரு சூழ்ச்சியும் கண்டனர். கனடாவின் மொன்றியல் நகரில் வொலஸ் லம்பேட் என்னும் உளவியலறிஞரும் அவர்தம் துணைவரும் இருமொழியாளர் சிலரை ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்கச் செய்து ஒலிப்பதிவு செய்தனர். கேட்போருக்குக் குரல்கள் வெவ்வேறு மனிதருடையன என்றே கூறப்பட்டது. ஒவ்வொரு குரலுக்குரியவரும் எத்தகையவர் என்று மதிப்பிடுமாறு அவர்களைக் கேட்டனர். 1960ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிபுகளின்படி, அதே மனிதர் ஆங்கிலத்திற் பேசியபொழுது பல குணங்களிலே உயர்வாக மதிப்பிடப்பட்டார். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தம் மொழிக் குரலைத் தாழ்வாக மதித்தமை அவ்வாராய்ச்சியின் துயரமான பகுதியாகும். தாழ்த்தப்பட்ட மொழியைப் பேசுவோர் பிறர் தம்மைப் பார்க்கும் கண்ணாலேயே தம்மைப் பார்க்கப் பழகிவிடுகின்றனர்.

மலையகத் தமிழர் வரலாற்றுடன் இதனைப் பொருத்திப் பார்க்கவேண்டும். 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள் தமிழுடன் வந்தனர். தோட்டத்து ஆட்சி ஆங்கிலத்தில் நடந்தது. ஆதலின் 'லயம்', 'பெரட்டு', 'செக்ரோல்', 'கொந்தரப்பு' முதலிய ஆங்கிலவழிச் சொற்கள் அவர் நாவிலே தமிழுருப் பெற்றன. இச்சொற்களைப் பள்ளியிலே கற்றவரல்லர். பனியிலும் மழையிலும் நின்று கற்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் பிரசாவுரிமை இழந்தனர். 1956ஆம் ஆண்டிற் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழிப் பெருந்தொகையானோர் தாம் பிறந்திராத இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரி முதலிய இடங்களில் மீண்டும் குடியேறியோராயினர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தாலேயே தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. எஞ்சிய நாடற்றோர் பிரசாவுரிமை பெற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இவற்றின் நடுவே 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களும் நிகழ்ந்தன.

அக்காலங்களைக் கண்ட தலைமுறையினர் பஸ் வண்டியிலே தமிழைத் தாழ்ந்த குரலிற் பேசப் பழகினர். வாய் திறந்தவுடன் இரண்டொரு சிங்களச் சொற்களை முன்னே நிறுத்துவது அவர்களுக்குக் கேடயமாயிருந்தது. அன்பினாற் சிங்களம் பேசியவரும் உளர். அயலவருடன் கூடி வாழ்ந்ததனால் இயல்பாகப் பேசியவரும் உளர். அச்சத்தினாற் பேசியவரும் உளர். இம்மூன்றும் செவிக்கு ஒன்றாகவே கேட்கும். ஆகவே சிங்களம் கலந்த தமிழைக் கேட்டவுடன் 'தமிழ் கெட்டது' என்று தீர்ப்புக் கூறுவார், அக்கலப்பிற் புதைந்துள்ள வரலாற்றைக் கேளாதவராவர்.

இனி, கலப்பினால் மொழி அழியும் என்ற அச்சத்தை நேரே நோக்குவோம். இலங்கையிலேயே இதற்கு இரு சான்றுகள் உள. ஒன்று மலாய் மக்களின் மொழி. ஒல்லாந்தர் காலம் முதற் சாவகம் முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் வந்த இம்மக்கள், முஸ்லிம்களின் தமிழோடும் சிங்களத்தோடும் நெடுங்காலம் பழகினர். அவர்தம் மலாய் ஏனைய மலாய் வழக்குகளினின்றும் வேறுபட்டு, வினைச்சொல்லை இறுதியில் நிறுத்தவும் வேற்றுமைப் பொருளைச் சொல்லின் பின்னே உருபாக ஏற்கவும் தொடங்கியது. சொற்கலப்பினும் ஆழமான இலக்கணக் கலப்பு இது. அவ்வாறிருந்தும் அம்மொழி தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. 1869ஆம் ஆண்டில் 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையும் கொழும்பிலே தோன்றியது. பிற்காலத்தில் நகரங்களிலுள்ள மலாய்ப் பெற்றோர் பிள்ளைகளுடன் வீட்டிலேயே வேறு மொழி பேசத் தொடங்கிய பின்னரே அது தேயத் தொடங்கியது.

மற்றையது நீர்கொழும்பு, சிலாபம் கரையோர மக்களின் வரலாறு. அங்குக் கடற்றொழில் செய்த கத்தோலிக்க மக்கள் பலர் தமிழும் சிங்களமும் பேசினர். பாடசாலையிலே சிங்களம் போதனாமொழியாகவும், கோயில் வழிபாட்டிலும் சிங்களமே நிலைபெறவும், தமிழ் கடற்றொழிலுக்கும் முதியோர் உரையாட்டுக்கும் உரியதாகச் சுருங்கியது. சில தலைமுறைகளுள் அங்குப் பலருடைய தமிழ் மறைந்தது. இரண்டு மொழியையும் கலந்து பேசியதனால் அவர்கள் தமிழை இழந்தார் என்பது பொருந்தாது. தமிழ் வழங்கிய இடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டதனாலேயே இழந்தனர். ஒரு மொழிக்குப் பிறமொழிச் சொல் நோயன்று, இடமிழத்தலே நோய்.

புலம்பெயர்ந்த தமிழரிடத்தும் இதுவே காணப்படுகின்றது. யாழ்ப்பாணத்தவராகிய சுரேஷ் கனகராசா என்னும் மொழியியலறிஞர் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமும் தமிழும் கலந்து வழங்கிய முறையை 1995ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். பின்னர்ப் பிரித்தானியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளிற் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்களில் மொழி நிலையையும் ஆராய்ந்தார். அந்நாடுகளிலே பிள்ளை தமிழிலே தடுமாறும்பொழுது 'இதென்ன தமிழ்' என்று நகைத்தால், அப்பிள்ளை அடுத்தமுறை செம்மையான தமிழைத் தேடுவதில்லை, ஆங்கிலத்திற்கே சென்றுவிடுகின்றது. ஆங்கிலத்தில் அதனை நகைப்பார் இலர் அல்லவா! தூய்மையைக் காக்க எழுந்த நகைப்பு மொழியையே வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது.

எல்லாக் கலப்பும் ஒன்றே, எதனையும் பொருட்படுத்தவேண்டா என்பது எமது கருத்தன்று. வளத்தினால் நிகழும் கலப்பு உண்டு; வறுமையினால் நிகழும் கலப்பும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று போதும்: அதே கருத்தை ஒரே மொழியிற் கூறவேண்டிய இடத்தில் அவராற் கூற முடிகின்றதா? வீட்டிலே கலந்து பேசும் ஒருவர் மேடையிற் கலவாது பேசவும், கடிதத்திற் கலவாது எழுதவும் வல்லவராயின் அவருக்கு இரு மொழியும் செல்வம். எவ்விடத்திலும் எம்மொழியிலும் ஒரு பந்தியை முழுமையாகக் கூற இயலாதவர்க்கே துணை வேண்டும். அவர்க்கும் வேண்டியது மொழிப் பயிற்சி, ஏளனமன்று.

இவ்வுண்மையாற் பள்ளியாசிரியர்க்கும் பெற்றோர்க்கும் சில கடமைகள் ஏற்படுகின்றன. வகுப்பிலே ஒரு மாணவன் சிங்களமோ ஆங்கிலமோ கலந்து பேசும்பொழுது அவனை இடைமறித்து நாணச் செய்தலைக் கைவிடல் வேண்டும். அவன் கூறியதை முழுதுங் கேட்டபின், 'இதனையே உன் பாட்டிக்கு எவ்வாறு கூறுவாய்? பரிசளிப்பு விழா மேடையில் எவ்வாறு கூறுவாய்?' என வினவலாம். இடத்துக்கேற்பச் சொல்லைத் தெரிதல் ஒரு திறமை என்பதை அவன் இதனால் அறிவான். சிங்களத்தைத் தெருவிலே பொறுக்கிய சொற்களாக விட்டுவிடாது, எழுத்தும் இலக்கணமும் உடைய மொழியாக முறையே கற்பித்தல் வேண்டும். முறையாகக் கற்றவனுக்கு அச்சம் நீங்கும். ஆங்கிலத்துக்குக் காட்டும் மதிப்பைச் சிங்களத்துக்கும், வளைகுடாவிலிருந்து மீண்ட தாயின் அரபுக்கும் காட்டுதல் நேர்மையாகும். மூன்று மொழிகளிலே ஒரு குடும்பத்தைக் காத்தவளை எழுத்தறியாதவள் என்று ஒதுக்குதல் கல்விக்கு அழகன்று.

அதனினும் முதன்மையானது, தமிழுக்கு உரிய இடங்களை விட்டுக்கொடாமையாகும். வழிபாடு, கதை கூறல், கணக்கு எழுதுதல், கடிதம் வரைதல், நூல் வாசித்தல், பெரியோருடன் உரையாடல் ஆகிய இவற்றுள் எவையேனும் தமிழில் நிகழும் வீட்டிலே, பேச்சில் எத்தனை பிறசொற்கள் வந்துபோயினும் தமிழ் வாழும். இவை யாவும் கைவிடப்பட்ட வீட்டிலே, ஆண்டுக்கொருமுறை தூய தமிழில் வாழ்த்துரை கூறுவதனால் மட்டும் அது வாழாது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழே ஓடும் மகாவலியிற் பல ஓடைகளின் நீர் கலந்துள்ளது. அதனால் அது மகாவலி அல்லாததாகிவிடவில்லை. ஊற்று வறண்டாலன்றி அதற்குக் கேடில்லை. மொழிக்கு ஊற்றாவது அதனைப் பேசுதற்கு நாணாத நா. பிள்ளைகளின் நாவில் அந்நாணம் ஏறாமற் காத்தலே கற்றோர் தலையாய கடமையாகும்.